காளான் குடிலில் ஒரு நிறுவனம்: வேளாண் கல்லூரியில் தொழில்முனைவு கற்பிக்க முழுமையான வழிகாட்டி

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஸ்டூடண்ட் ரெடி’ திட்டம் 2015-இல் வந்தது. வேளாண் பாடத்திட்டங்களைத் திருத்த அந்தக் கழகம் அமைத்த ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில், பி.எஸ்சி. வேளாண்மையின் ஏழாவது பருவம் கிராமப்புற வேளாண் பணி அனுபவத்துக்கும் எட்டாவது பருவம் அனுபவக் கற்றலுக்கும் ஒதுக்கப்பட்டன. காளான், தேனீ, கோழி, விதை உற்பத்தி, உயிர் உரம், உணவு பதப்படுத்துதல் என்று நீளும் பட்டியலில் இரண்டை மாணவர் எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. ஒவ்வொன்றும் 10 கிரெடிட். தொழிலுக்கென்று ஒரு பருவம் முழுதாகக் கிடைப்பது பெரிய வாய்ப்பு.

அந்த வாய்ப்பு பல இடங்களில் ஒரு நீண்ட செய்முறை வகுப்பாகவே கரைந்துபோகிறது. வைக்கோல் கல்லூரிப் பண்ணையிலிருந்து வருகிறது. காளான் வித்து (விதையாகத் தூவ, தானியத்தில் வளர்த்த காளான் பூசணம்) பயிர் நோயியல் துறையிலிருந்து வருகிறது. விளைந்த காளானை ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். பணம் கல்லூரிக் கணக்கில் சேர்கிறது. மாணவருக்குக் காளான் வளர்க்கத் தெரிந்துவிடும். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு விற்காமல் மிஞ்சிய இரண்டு கிலோவை என்ன செய்வது என்று தெரியாது. தொழில்முனைவுப் பாடம் அந்த இரண்டு கிலோவில்தான் இருக்கிறது. அதை மாணவரின் கையிலேயே விட்டுவைக்கும்படி பருவத்தை எப்படி அமைப்பது என்பதைப் பொறுப்பாசிரியருக்காக இங்கே எழுதியிருக்கிறோம்.

சிப்பிக்காளானை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். வைக்கோலும் வித்தும் அடுக்கிய பைக்குப் படுக்கை என்று பெயர். ஒரு படுக்கையின் ஆயுள் ஏறத்தாழ 45 நாள். முதலீடு சிறியது. பறித்த பொருள் சாதாரண வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே சந்தை தன் பதிலை உடனே சொல்லிவிடும். தேனீக்கும் உயிர் உரத்துக்கும் காலக்கெடு மாறுமே தவிர வேலையின் வரிசை இதேதான்.

முந்தைய பருவத்தில் செய்ய வேண்டியவை

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். எட்டாவது பருவம் பெரும்பாலும் கோடையில் போய் முடிகிறது. சிப்பிக்காளானுக்கு 23 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் காற்றில் ஈரப்பதமும் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையிலோ திருச்சியிலோ தென்னங்கீற்றுக் குடிலுக்குள் இந்த வெப்பம் கிடைக்காது. படுக்கை காய்ந்து மொட்டுகள் மஞ்சளாகிச் சுருங்கும். மாணவர்கள் தங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் தவறு அட்டவணையில் இருக்கிறது. மார்ச் நடுப்பகுதி வரை சிப்பிக்காளான், அதன்பின் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும் பால்காளான் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பால்காளானுக்கு மேல்மண் இடும் வேலை கூடுதல், ஆனால் அறுத்தபின் சில நாள் தாங்கும். எதுவானாலும் பருவம் முடிய 60 நாள் இருக்கும்போதே கடைசிப் படுக்கை போட்டாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் ஊருக்குப் போன பிறகு காளான் பூக்கும்.

காளான் வித்துக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சோளத்தில் பூசணம் பரவி வித்து தயாராகவே 15 நாளுக்கு மேல் ஆகும். கேட்ட நாளில் 50 பை எந்த ஆய்வகத்திலும் இருக்காது.

ஏழாவது பருவத்தில் மாணவர்கள் கிராமத்தில் இருப்பதை வீணாக்காதீர்கள். அங்கே வைக்கோல் கிலோ என்ன விலை, யார் கட்டாகத் தருகிறார்கள், பக்கத்து டவுனில் எத்தனை கடைகளில் காளான் விற்கிறது, எந்தக் கிழமையில் தீர்ந்துபோகிறது என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எடுத்து வரச் சொல்லுங்கள். அடுத்த பருவத் திட்டத்தின் முதல் பக்கம் அதுதான்.

பணம் போகும் வழி

இந்தத் திட்டம் எங்கே தோற்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் இங்கேதான். கல்லூரிக் கொள்முதல் விதிப்படி மூன்று கொட்டேஷன் வாங்கி, கோப்பு நகர்ந்து, கையெழுத்தாகி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். பாலித்தீன் பை வாங்க இருபது நாள் காத்திருக்கும் மாணவர் கற்றுக்கொள்வது அலுவலக நடைமுறையை, தொழிலை அல்ல.

சுழல்நிதி ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து ஒவ்வொரு மாணவர் நிறுவனத்துக்கும் கடனாகக் கொடுங்கள். ‘செலவுக்கு ஒதுக்கீடு’ என்று கொடுத்தால் அது செலவாகும். கடன் என்று கொடுத்தால் திரும்பி வரும். ஐந்து பேர் கொண்ட நிறுவனத்துக்கு இந்த அளவு பொருந்தும்: ஆளுக்கு 500 ரூபாய் சொந்தப் பங்கு, அது 2,500. சுழல்நிதிக் கடன் 6,000. மொத்தம் 8,500. ஏன் இந்தத் தொகை? படுக்கை போட்ட நாளிலிருந்து முதல் காளான் கைக்கு வர 21 முதல் 27 நாள் ஆகும். அதுவரை ஒரு ரூபாய்கூட வராது. வாரம் 50 படுக்கை போட்டால் அந்தக் காலத்துக்குள் 7,000 முதல் 8,000 ரூபாய் வெளியே போய்விடும். கையில் பணம் தீர்ந்து, படுக்கைகள் மட்டும் வெண்மையாகப் பரவி நிற்கும் அந்த மூன்றாவது வாரத்தை மாணவர்கள் அனுபவிக்க வேண்டும். நடைமுறை மூலதனம் என்றால் என்ன என்று அதற்குப்பின் விளக்கவே தேவையில்லை.

ஒரு பக்கக் கடன் ஒப்பந்தம் போதும். கடன் தொகை, திருப்பித் தரும் நாள், சிறிய வட்டி, குடில் வாடகை, நட்டத்தை யார் ஏற்பது என்ற ஐந்து விவரங்கள் அதில் இருக்கட்டும். நட்டம் வந்தால் முதலில் மாணவர் பங்கு கரையும். அதைத் தாண்டியதைச் சுழல்நிதி ஏற்கும். ஏழை வீட்டுப் பிள்ளையைக் கடனாளியாக்கும் உரிமை நமக்குக் கிடையாது. அதே சமயம் இழக்க எதுவுமே இல்லாதவர் விலை பேசக் கற்கமாட்டார். 500 ரூபாயும் சுமையாக இருப்பவர்களுக்குத் தொடக்க வேலையின் கூலியைப் பங்காகக் கழித்துக்கொள்ளுங்கள். அதை வகுப்பில் அறிவிக்காதீர்கள்.

கோஸ்டாரிகாவில் 1990-இல் வகுப்புகளைத் தொடங்கிய எர்த் பல்கலைக்கழகம் இதை இன்னும் நீட்டியே செய்கிறது. முதலாண்டிலேயே மாணவர்கள் குழுவாக ஒரு நிறுவனத்தைத் திட்டமிட்டு, பல்கலைக்கழகத்திடம் கடன் வாங்கி, உற்பத்தி செய்து விற்று, கடனை அடைத்து, மூன்றாம் ஆண்டில் கணக்கு முடிக்கிறார்கள். நமக்குக் கிடைப்பது ஒரே பருவம் என்பதால் கடன் உத்தரவு பருவத்தின் முதல் நாளிலேயே கையில் இருக்க வேண்டும்.

குழு

நான்கு அல்லது ஐந்து பேர். எட்டுப் பேரானால் இருவர் உழைப்பார்கள். கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு என நான்கு பொறுப்புகள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மாணவிகள் பொட்டலம் கட்டவும் கணக்கு எழுதவும், மாணவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகவுமாக வேலை தானாகப் பிரிந்துவிடும். கடைக்காரரிடம் விலை பேசாமலே ஒரு மாணவி பட்டம் வாங்கிப் போவதற்கு நாம் காரணமாகக் கூடாது.

படுக்கைக்கு முன் வாடிக்கையாளர்

முதல் இரண்டு வாரம் குடிலைத் திறக்காதீர்கள். 30 வீடு, 10 கடை, 5 உணவகம் என்று அனுப்புங்கள். ‘நாங்கள் காளான் கொடுத்தால் வாங்குவீர்களா?’ என்ற கேள்வியைத் தடை செய்யுங்கள். பிள்ளைகள் வந்து நிற்கிறார்களே என்று எல்லாரும் ஆமாம் என்பார்கள். பின்னால் பாதிப் பேர் கதவைத் திறக்கமாட்டார்கள். ‘போன மாதம் எத்தனை தடவை வாங்கினீர்கள்? எங்கே? என்ன விலை? பிடிக்காதது எது?’ என்று நடந்ததைக் கேட்கட்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: விற்காததைத் திருப்பித் தருவாரா, பணம் அன்றைக்கே தருவாரா, வாரம் கழித்தா?

அதன்பின் 100 ரூபாய் முன்பணக் கூப்பன். 25 வீடுகளாவது முன்பணம் கொடுத்த பிறகுதான் கடனின் முதல் தவணையை விடுவியுங்கள். இந்த ஒரு விதி ஒரு பருவத்து விரிவுரைக்குச் சமம். 25 வீடு சேரவில்லை என்றால் அதுவும் நல்ல பாடமே. காளான் மணம் பிடிக்காத தெருவா, விலை அதிகமா, எப்படிச் சமைப்பது என்று தெரியவில்லையா என்று தேட வேண்டியிருக்கும்.

ஆசிரியர்களுக்கும் விடுதிக்கும் விற்பதை மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள். வெளியில் என்ன விலையோ அதே விலைதான் அவர்களுக்கும். சலுகை விலையில் வாங்கும் பேராசிரியர் மாணவருக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார். அவர் தருவது பொய்யான சந்தை.

குடிலில்

உற்பத்தி முறை எல்லாப் பயிற்சிக் கையேடுகளிலும் இருக்கிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எது ஏன் கெடுகிறது என்பதில் நிற்போம்.

புது வைக்கோலை 3 முதல் 5 சென்டிமீட்டராக நறுக்கி, 4 முதல் 6 மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அது ஏறத்தாழ 65 சதவீத ஈரம். 60-க்கு 30 சென்டிமீட்டர் பையில் அரைக் கிலோ வைக்கோலை (உலர் எடைக் கணக்கில்) ஐந்து அடுக்காகப் போட்டு, அடுக்குக்கு 30 கிராம் வித்து தூவவேண்டும். 300 கிராம் வித்துப்பை இரண்டு படுக்கைக்கு வரும். பையின் நடுவில் காற்றோட்டத்துக்கு இரண்டு துளை. 15 முதல் 20 நாளில் வெண்மையாகப் பரவியதும் பையைக் கிழித்து, ஈரம் காக்க வேண்டும். மூன்று, நான்கு நாளில் மொட்டு. இன்னும் மூன்று நாளில் அறுவடை. பிறகு வார இடைவெளியில் இரண்டு அறுவடை. தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால் பறிக்கவேண்டும். நனைந்த காளான் பொட்டலத்துக்குள் வியர்த்து, மாலைக்குள் வாடை அடிக்கும்.

ஒவ்வொரு படுக்கையிலும் தேதி, கட்டியவர் பெயர், வித்துப்பையின் எண் மூன்றையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பச்சைப் பூசணம் வந்தால் யாரையும் திட்டாமல் சீட்டைப் பாருங்கள். ஒரே நாளில் கட்டிய எல்லாப் படுக்கையும் கெட்டிருந்தால் வேகவைத்ததில் கோளாறு. பெரும்பாலும் டிரம்மில் வைக்கோலை அழுத்தித் திணித்து நடுப்பகுதிக்குச் சூடு போகாமல் இருந்திருக்கும். பையின் அடியில் மட்டும் கெட்டால் உலர்த்தியது போதாமல் நீர் இறங்கித் தேங்கியிருக்கிறது. ஒரே வித்துப்பையிலிருந்து வந்தவை மட்டும் கெட்டால் வித்தில் பழுது. ஒருவர் கட்டியவை மட்டும் என்றால் கை கழுவவில்லை. காம்பு நீண்டு குடை சிறுத்தால் பூசணம் காரணமில்லை, குடிலில் கரியமிலவாயு சேர்ந்திருக்கிறது. காலையும் மாலையும் திறந்துவிட வேண்டும்.

100 படுக்கையை ஒரே நாளில் போடும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். விளைச்சலில் பாதியளவு முதல் அறுவடையிலேயே வந்துவிடுவதால், நான்கு நாளுக்குள் 20 கிலோ கையில் நிற்கும். முன்பணம் கொடுத்த 25 வீட்டுக்கு வாரத்துக்கு ஐந்து கிலோகூடப் போகாது. வாரம் 25 அல்லது 50 என்று பிரித்துப் போட்டால்தான் வாடிக்கையாளர் கையைவிட்டுப் போகமாட்டார்.

கணக்கு: லாபம் எங்கே மறைகிறது

கீழே உள்ள விலைகள் கற்பிப்பதற்கான எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் விலையை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். 100 படுக்கைக்கான கணக்கு:

வைக்கோல் 50 கிலோ, 500 ரூபாய்
வித்து 50 பை, 2,000
பாலித்தீன் பை 300
விறகு 400
பொட்டலப் பை 200
பெட்ரோல் 600
மொத்தம் 4,000

படுக்கைக்கு 450 கிராம் வீதம் 45 கிலோ. கழிவும் விற்காததும் போக 40 கிலோ, கிலோ 180 ரூபாய் வீதம் 7,200. மீதி 3,200. பெரும்பாலான திட்ட அறிக்கைகள் இந்த இடத்தில் ‘நிகர லாபம்’ என்று எழுதி முடித்துவிடுகின்றன.

இனித்தான் வகுப்பு. ஐவரும் சேர்ந்து 40 மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 2,400. மீதி 800. குடிலுக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் மாதம் 1,500 என்று வைத்தால் 700 ரூபாய் நட்டம். இதில் 15 படுக்கை பச்சையடித்துப் போனால் வருமானத்தில் இன்னும் 1,080 குறைந்து, நட்டம் 1,780 ஆகும். கரும்பலகையில் இந்த எண்களை எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். என்ன செய்யலாம் என்று அவர்களே கேட்கட்டும்.

வழி இருக்கிறது. அதே குடிலில் மாதம் 200 படுக்கை வைத்தால் வாடகை இரண்டாகப் பிரிகிறது. பூசணம் வராத கணக்கில் 100 படுக்கைக்கு 50 ரூபாய் மிஞ்சும். கடைக்குப் போடாமல் வீட்டுக்கே கொண்டுபோய்க் கிலோ 220-க்கு விற்றால் 1,600 கூடுகிறது, ஆனால் மணி நேரமும் பெட்ரோலும் கூடும். அதையும் கணக்கிட வேண்டும். உழைப்புக்கும் இடத்துக்கும் விலை போடாத கணக்கை ஏற்காதீர்கள். பட்டம் முடித்து ஊரில் குடில் போடும்போது கல்லூரி கூட வராது.

நாள்வழிப் புத்தகம் கையால் எழுதியதாக இருக்கட்டும். ஒரு பக்கத்தின் வேலை என்னவென்று பாருங்கள்:

அறுவடை 9 கிலோ
காம்புக் கழிவு 600 கிராம்
200 கிராம் பொட்டலம் 40, அதாவது 8 கிலோ
விற்றது 31, மீதி 9

9 கிலோவில் 8 கிலோவையும் 600 கிராமையும் கழித்தால் 400 கிராமைக் காணோம். யாரும் எடுத்துப் போகவில்லை. பொட்டலங்களை மறுபடி நிறுத்தால் ஒவ்வொன்றும் 210 கிராம் இருக்கும். கை தாராளம்! நாற்பது பொட்டலத்தில் பத்துப் பத்துக் கிராமாக ஒரு நாளைக்கு 72 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது. மீதி ஒன்பது பொட்டலம் அன்றைக்கு எங்கே போயிற்று என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்: விலை குறைத்து விற்றதா, உலர்த்தியதா, விடுதியில் சாப்பிட்டதா? சாப்பிட்டதற்கும் விலை எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், குடிலிலேயே. கானாவின் கேப் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில், பணியில் இருக்கும் வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கு 1993-இல் தொடங்கிய படிப்பில் ஆசிரியர்களே மாணவரின் களத்துக்குப் போய்த் திட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கேட்டால் அறிக்கைதான் கிடைக்கும். குடிலில் நின்றால் பூசண வாடை மூக்கில் ஏறும்.

மூன்றே கேள்விகள்: கையில் ரொக்கம் எவ்வளவு? போன வாரம் திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் என்ன வேறுபாடு? அடுத்த வாரம் எதை மாற்றுகிறீர்கள்? பதில் தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள். உணவு பாதுகாப்பு, மின்சாரம், கொதிநீர் தொடர்பான ஆபத்தில் மட்டும் உடனே தலையிடுங்கள். விலை தவறாக வைத்திருந்தால் ஒரு வாரம் பொறுங்கள்.

ஆசிரியருக்கு வணிக அனுபவம் இல்லாதது குற்றமில்லை. வித்து உற்பத்தி செய்து விற்பவர், காய்கறிக் கடை நடத்துபவர், வங்கிக் கிளை மேலாளர் மூவரையும் பருவத்தில் ஒவ்வொரு தடவை அழைத்து, மாணவரின் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துக் குறை சொல்லச் சொல்லுங்கள். சொற்பொழிவு வேண்டாம்.

மதிப்பெண்

ஐந்தாவது டீன்கள் குழுவின் அட்டவணையில் திட்டமிடல், முன்வைத்தல், வருகை ஒழுங்கு, மாத மதிப்பீடு, உற்பத்தி, தொழில்நுட்பத் திறன், தொழில்முனைவுத் திறன், வணிகத் தொடர்பு, அறிக்கை, இறுதி முன்வைத்தல் என்று பத்துத் தலைப்புக்குப் பத்துப் பத்து மதிப்பெண். தலைப்புகளை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இராது. எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. ‘தொழில்முனைவுத் திறன்’ பத்தை நாள்வழிப் புத்தகத்தையும் விலை மாற்றிய முடிவுகளையும் பார்த்துப் போடுங்கள். ‘வணிகத் தொடர்பு’ பத்தை இரண்டாம் முறை வாங்கிய வாடிக்கையாளர் எண்ணிக்கையை வைத்துப் போடுங்கள்.

லாபத்துக்கு நேரடியாக மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் உழைப்பை எழுதாமல் விடுவார்கள், அத்தை வீட்டுக்கு விற்றதைச் சந்தை என்று காட்டுவார்கள். நட்டப்பட்டு, ஏன் நட்டம் என்று ரூபாய்க் கணக்கில் பிரித்துக் காட்டிய குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தயங்காதீர்கள்.

நிறுவனத்தை மூடுதல்

கடைசி இரண்டு வாரம் இதற்கு. கையிருப்பை விற்று, கடனையும் வட்டியையும் வாடகையையும் செலுத்தி, மீதியைப் பங்கு விகிதத்தில் பிரித்துக் கையில் ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலோ கொடுங்கள். லாபத்தைக் கல்லூரி எடுத்துக்கொண்டால் அடுத்த அணி வேலைக்கே வராது. 80 ரூபாய் வந்தாலும் அது மாணவருடையது. தீர்ந்துபோன படுக்கை வைக்கோலை மண்புழு உரக் கூடத்துக்கு விற்கலாம், அதையும் வரவில் சேருங்கள்.

தொடர விரும்பும் மாணவருக்கு அடுத்த கதவைக் காட்டிவிடுங்கள். 2002 முதல் நடக்கும் அக்ரி கிளினிக் மற்றும் அக்ரி பிசினஸ் மையத் திட்டத்தில், ஹைதராபாத்தின் ‘மேனேஜ்’ (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம்) வழியாக 45 நாள் இலவசப் பயிற்சி உண்டு. தனி நபர் திட்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மதிப்பில் 36 சதவீத மானியம்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வி ‘முன்னால் செய்திருக்கிறீர்களா?’ என்பதாகவே இருக்கும். அப்போது மேசையில் வைக்க அந்த நாள்வழிப் புத்தகத்தின் நகலை மாணவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அசல் புத்தகம் துறையில் இருக்கட்டும். கூடவே ஒரு தாள்: எந்த ஆய்வகத்து வித்து நன்றாகப் பரவியது, எந்தக் கடைக்காரர் பணம் தர இழுத்தார், எந்தக் கிழமை விற்காது, சம்மதம் கொடுத்த வீடுகளின் பட்டியல். அடுத்த அணி முதல் நாள் செய்யும் முதல் வேலை, அந்த வீடுகளுக்குப் போன் போட்டு, இந்த வருஷமும் காளான் வேண்டுமா என்று கேட்பது.